பம்பியை மாற்ற முன் ஹோஸைப் பாருங்கள்

கேள்வி: மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பமாகப் போய்த் தங்குவதற்காகப் படுக்கை, குசினி, குளியலறையோடு ஒரு ட்ரெயிலர் செய்திருக்கிறோம். 12 வோல்ட் நீர்ப்பம்பி. ஷவரில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. இரவில் ஒருவரும் பைப்பைத் திறக்காமலே பம்பி இரண்டு விநாடி ஓடி நிற்கிறது. பெரிய பம்பி வாங்கலாமா? – வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, காசைக் கொடுக்க முன் கொஞ்சம் பொறுங்கள்.

இரவில் தானாக ஓடுகிறது என்றீர்களே, அதிலிருந்தே தொடங்குவோம். இந்தச் சின்னப் பம்பிகள் குழாயில் அழுத்தம் ஏறியதும் தாங்களே நின்றுவிடும். பலவற்றில் அது 45 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவு. திரும்பவும் ஓடினால், ஏறிய அழுத்தம் எங்கேயோ இறங்குகிறது. ஒவ்வொரு பொருத்தையும் காய்ந்த ரிஷூத் தாளால் சுற்றிப் பிடியுங்கள். எங்கும் நனையாவிட்டால், தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கப் பம்பிக்குள் இருக்கும் வால்வுதான் காரணம். அண்மையில் என்னிடம் வந்த ஒன்றைக் கழற்றினேன். வால்வு ரப்பரின் விளிம்பில் முட்டைக்கோது மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு, நகத்தளவு கூட இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் படிய விடுகிற அதே சுண்ணாம்பு. வினாகிரியில் ஊறவைத்துக் கழுவிப் பூட்டினேன், பழைய பம்பியே போதுமாக இருந்தது.

ஷவர் விட்டு விட்டு வருவதற்குத் தாங்கிக்கும் பம்பிக்கும் இடையிலுள்ள ஹோஸைப் பாருங்கள். மெல்லிய ஹோஸ் என்றால் பம்பி இழுக்கும்போது சப்பையாகிவிடும். கிளிப் தளர்ந்திருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்கு அகப்படாது. நூல் பின்னிய தடித்த ஹோஸ் போட்டு, பம்பிக்கு முன்னால் உள்ள வடியையும் கழுவுங்கள். வயரையும் விடாதீர்கள். பம்பி ஓடும்போது அதன் முனையில் பற்றரியைவிட ஒரு வோல்ட் குறைந்தால் வயர் மெல்லிது. அந்த வயரில் பெரிய பம்பி பூட்டினால் இன்னும் மோசமாகும், வயரும் சுடும். பியூஸ் பற்றரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சரி, குழாய். வீட்டுக்குச் செய்வது போல பி.வி.சி. குழாயைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். ஒழுங்கைக் குழிகளில் ட்ரெயிலர் துள்ளத் துள்ள முழங்கைப் பொருத்துகள் வெடிக்கும். வளையக்கூடிய பெக்ஸ் (PEX) பிளாஸ்டிக் குழாய், அரை அங்குலம், நல்லது. பம்பியின் இரு பக்கமும் ஒன்றரை அடி ஹோஸ் விட்டு, அடியில் ரப்பர் வைத்துப் பூட்டினால் சத்தமும் அடங்கும். பம்பி அடிக்கடி நின்று நின்று ஓடுவதைக் குறைக்க ஒரு சின்ன அழுத்தத் தாங்கி போடலாம். முதலில் மற்றதைச் செய்யுங்கள்.

100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ. அதனால் தாங்கி சில்லு அச்சுக்கு மேலே இருக்கட்டும்.

மடுவுக்குப் புறப்பட முன் முற்றத்திலேயே தாங்கியை நிரப்பி, ஓர் இரவு உள்ளே படுத்துப் பாருங்கள். விடியுமட்டும் பம்பி ஒருதரமும் ஓடாவிட்டால் நம்பி இழுத்துக்கொண்டு போகலாம்.