ஒய்பிசிஓ தன்வெப்பம்: பிசிஎஸ் வளைகோடு பொருந்தாதது ஏன்?

வணக்கம். ஒய்பிசிஓ (யிட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த, மின்தடையின்றி மின்னோட்டம் கடத்தும் மீகடத்தி) படிகத்தின் தன்வெப்பத்தை, அதாவது அதன் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தத் தேவையான வெப்பத்தை, எலக்ட்ரான்கள் இணைகளாகச் சேர்வதால் மீகடத்தல் நிகழ்வதாக விளக்கும் பிசிஎஸ் கோட்பாட்டின்படி கணக்கிட்டால், 10 கெல்வினுக்குக் கீழே உங்கள் வளைகோடு அளவீட்டைவிட மிகவும் தாழ்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நிரலில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான்களைக் கிளர்த்தத் தேவையான மிகக்குறைந்த ஆற்றல், எல்லாத் திசைகளிலும் ஒரே அளவு என்று எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். ஒய்பிசிஓ போன்ற குப்ரேட் (தாமிர ஆக்சைடு) மீகடத்திகளில் அந்த இடைவெளி திசைக்குத் திசை மாறும் டி-அலை வடிவம் கொண்டது. ஃபெர்மி பரப்பின் (எலக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளின் எல்லையின்) நான்கு திசைகளில் அது சுழியாகிவிடுவதால், மிகக் குறைந்த ஆற்றலிலும் கிளர்வுகள் எழுகின்றன. எனவே எலக்ட்ரான்களின் பங்கு அடுக்குக்குறி வேகத்தில் மறைந்துபோகாமல், காந்தப்புலம் இல்லாத தூய படிகத்தில் வெப்பநிலையின் இருமடிக்கு ஏற்பவே குறைகிறது.

ஃபோனான்களின் (படிக அணுக்களின் அதிர்வுகளின்) பங்காகிய, வெப்பநிலையின் மும்மடிக்கு ஏற்ப மாறும் உறுப்புக்கு அடியில் இந்த இருமடி உறுப்பைப் பிரித்தெடுப்பது, உண்மையைச் சொன்னால், பெரும்பாடு. ஆகவே முதலில் காந்தப்புலத் தரவைப் பொருத்திப் பாருங்கள்: வெப்பநிலைக்கும் புலத்தின் வர்க்கமூலத்துக்கும் நேர்விகிதமான ஓர் உறுப்பு அங்கே சேரும் என்று இயற்பியலாளர் வோலோவிக் 1993-இல் காட்டினார். மாசுகளால் எஞ்சும், வெப்பநிலைக்கு நேர்விகிதமான நேர்கோட்டு உறுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீகடத்தல் தொடங்கும் 93 கெல்வின் அருகில் தன்வெப்பத்தில் தோன்றும் தாவலுக்கு, பிசிஎஸ் தரும் 1.43 என்ற விகிதத்தை (தாவலுக்கும் இயல்புநிலை எலக்ட்ரான் தன்வெப்பத்துக்கும் உள்ள விகிதம்) திணிக்க வேண்டாம்; வலுக்குறைந்த பிணைப்பில் டி-அலைக்கு அது ஏறத்தாழ 0.95 மட்டுமே.