கோவத்தை குத்தித் தீர்க்க பஞ்சிங் பேக் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம், எனக்கு வயசு 38, சேல்ஸ்ல இருக்கேன். கிண்டி ஆபீஸ்ல இருந்து தாம்பரம் தாண்டி வீடு, பைக்ல தான் போய்ட்டு வரேன். மேனேஜர் டார்கெட் டார்கெட்னு எல்லார் முன்னாடியும் திட்டுவார், நான் வாயே திறக்க மாட்டேன். வீட்டுக்கு வந்தா, 3வது படிக்கற பையன் ஒரு கூட்டல் தப்பா போட்டாலும் கை தானா நீண்டுடுது. போன வாரம் அவன் தங்கச்சி முதுகுல ஒண்ணு வச்சிட்டு "எத்தனை தடவ சொல்றது உனக்கு"ன்னு கத்தினான், அது அப்படியே என் டயலாக், எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. கோவத்தை உள்ள வச்சுக்காத, பஞ்சிங் பேக் வாங்கி டெய்லி நாலு குத்து குத்துன்னு ஃப்ரெண்டு சொல்றான். வாங்கலாமா?

பதில்: வேணாம், காசு மிச்சம்.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி, கொஞ்சம் கசப்பா ஒண்ணு. கை தானா நீண்டுடுதுன்னு எழுதியிருக்கீங்க. தானா நீள்ற கை மேனேஜர் முன்னாடி ஏன் நீளல? அங்க பிரேக் பிடிக்குதுல்ல, அப்ப பிரேக் நல்லா தான் இருக்கு. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சொல்லுவாங்களே, அதைத் தான் 1939ல யேல் யுனிவர்சிட்டில ஜான் டொலார்டுங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் தியரியா எழுதினாங்க: நினைச்சது நடக்காம தடைபட்டா ஆக்ரோஷம் வருது, தடுத்தவன் மேல காட்ட பயமா இருந்தா திருப்பி அடிக்க முடியாத யார் மேலயாவது இறங்குது. எல்லா ஆக்ரோஷத்துக்கும் பின்னாடி ஒரு ஏமாற்றம் இருக்கும்னு அவங்க சொன்னது கொஞ்சம் ஓவர் தான், அதை 1989ல லெனர்ட் பெர்கோவிட்ஸ் திருத்தினார், வலி, வெக்கை, நாத்தம்னு உடம்புக்கு ஒத்துக்காத எதுவுமே கோவத்துக்கு கதவைத் திறந்து விடும்னு. மே மாசம் ஜிஎஸ்டி ரோட்ல ஹெல்மெட்டுக்குள்ள வேர்வை வழிய சிக்னல்ல நின்னவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல.

அந்த பைக் பயணத்தை நீங்க ஒரு வரில தாண்டிட்டீங்க, எனக்கு அது தான் முக்கியமா படுது. குறுக்க வந்த ஷேர் ஆட்டோ, பின்னாடி இருந்து ஹார்ன், நெஞ்சு அடிச்சுக்குதுல்ல, அந்த படபடப்பு வண்டிய ஸ்டாண்டு போட்டதும் நின்னுடாது, உங்களுக்கே தெரியாம இன்னும் கொஞ்ச நேரம் ஓடிட்டே இருக்கும், அப்ப எவன் ஏதாவது சொன்னாலும் மொத்த சூடும் அவன் கணக்குல போயிடும். டால்ஃப் சில்மன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதைப் பத்தி நிறைய வேலை பண்ணியிருக்கார். உங்க வீட்ல அந்த நேரத்துக்கு கண்ணு முன்னாடி இருக்கறது கணக்கு நோட்டு, அவ்ளோதான்.

இப்ப பேக் மேட்டர். கோவம் குக்கர் ஆவி மாதிரி, விசில் அடிச்சு வெளிய விட்டா இறங்கிடும்னு நம்மள்ல நிறைய பேர் நம்பறோம், ஃப்ராய்டு காலத்துல இருந்தே இந்த நம்பிக்கை உண்டு. 2002ல பிராட் புஷ்மன் இதை டெஸ்ட் பண்ணினார். 600 காலேஜ் ஸ்டூடண்ட்ஸ், அவங்க எழுதின கட்டுரைய மட்டமா விமர்சிச்சு கோவத்தைக் கிளப்பி விட்டுட்டு, ஒரு குரூப்ப அந்த விமர்சிச்ச ஆளை நினைச்சுக்கிட்டு பேக்க குத்தச் சொன்னார், இன்னொரு குரூப்ப உடம்பு ஃபிட் ஆகுதுன்னு நினைச்சு குத்தச் சொன்னார், மூணாவது குரூப் ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தாங்க. ஆளை நினைச்சு குத்தினவங்க தான் கடைசில அதிக கோவமா இருந்தாங்க, பதிலுக்கு தாக்கறதுலயும் அவங்க தான் அதிகம், சும்மா உக்காந்தவங்க தான் கம்மி. நீங்க யாரை நினைச்சு குத்துவீங்கன்னு உங்களுக்கே தெரியும். 2024ல 154 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தப்பவும் இதே கதை தான், மூச்சுப் பயிற்சி, தியானம், யோகான்னு உடம்பை ஆத்தற எதுவும் கோவத்தைக் குறைச்சுது, ஜாகிங் கூட உதவல. ஓடறது இதயத்துக்கு நல்லது, அது வேற.

அதனால வண்டிய நிறுத்தினதும் நேரா உள்ள போகாதீங்க. மாடிப்படில உக்காந்து மூச்சை உள்ள இழுக்கற நேரத்தை விட வெளிய விடற நேரம் அதிகமா இருக்கற மாதிரி ஒரு அஞ்சு நிமிஷம், அப்புறம் குளியல், ஏதாவது சாப்பாடு. ஹோம்வொர்க்கை காலைக்கு மாத்துங்க, இல்ல வீட்ல அவங்க பார்க்கட்டும், அவங்களும் நாள் முழுக்க வேலை பார்த்த ஆள் தான்ங்கறதால பாத்திரம் கழுவறதையாவது நீங்க எடுத்துக்கோங்க. சூடு ஏறுதுன்னு தெரிஞ்சா "அப்பா பத்து நிமிஷத்துல வரேன்"னு சொல்லிட்டு எழுந்து போங்க, சொன்ன மாதிரி திரும்பி வாங்க.

பையன் விஷயம் தள்ளிப் போடாதீங்க. 1961ல ஸ்டான்ஃபோர்டுல ஆல்பர்ட் பாண்டுரா, பெரியவங்க ஒரு பொம்மைய அடிக்கறத சின்னப் பிள்ளைங்கள பார்க்க வச்சார், அப்புறம் பிள்ளைங்க அதே மாதிரி அடிச்சாங்க, அடிக்கும்போது பெரியவங்க சொன்ன வார்த்தையையும் சேர்த்தே சொன்னாங்க. உங்க டயலாக் அவன் வாய்ல வந்தது அப்படித் தான். அவன்கிட்ட உக்காந்து "நான் அடிச்சது தப்பு, கணக்கு தப்பா போட்டா அடி வாங்கணும்னு இல்ல"ன்னு சொல்லுங்க, "ஆனா நீ ஒழுங்கா படிச்சிருந்தா"ன்னு வால் ஒட்டாதீங்க. தங்கச்சியும் பக்கத்துல இருந்தா நல்லது.

தூக்கம் எத்தனை மணி நேரம், தண்ணி பழக்கம் உண்டாங்கறத நீங்க எழுதல, ரெண்டுமே பிரேக்க தேய்க்கற சமாச்சாரம். இதெல்லாம் பண்ணியும் மாசத்துல ஒரு தடவையாவது கை ஓங்கறீங்கன்னா, இல்ல உங்க பைக் சத்தம் கேட்டதுமே பிள்ளைங்க வேற ரூமுக்குப் போறாங்கன்னா, நேர்ல ஒரு மனநல டாக்டரைப் பாருங்க. உடனே யார்கிட்டயாவது பேசணும்னா அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம், ராத்திரில கூட எடுப்பாங்க.