கப்பலில் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுங்கள், கொப்பியைக் கொடுக்காதீர்கள்

பண்டாரவளையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். டிசம்பர் லீவில் குடும்பமாகச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பல் ஏறுகிறீர்கள். 10 வயது மகளும் 15 வயது மகனும் வருகிறார்கள். அவர்கள் கையில் அறைச் சாவியைக் கொடுக்கலாமா, கப்பலுக்குள் அவர்கள் செய்யும் செலவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது கேள்வி.

நாங்கள் 2024 டிசம்பரில் போய் வந்தோம். ஹட்டனிலிருந்து நான், கணவர், 14 வயது மகன், 9 வயது மகள். கூட, சிங்கப்பூரில் இருக்கும் கணவரின் அக்கா குடும்பம். நாலு இரவு, பினாங்கு, புக்கெட் இரண்டு இடத்திலும் கப்பல் நின்றது. இரண்டு பிள்ளைகள் விஷயத்திலும் ஒவ்வொரு பிழை விட்டோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சாவி. பிள்ளைக்குச் சாவி வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் கப்பலில் அது நடக்காது. கைக்குழந்தைக்குக்கூட அதன் பெயரில் ஒரு கார்ட் அடித்துத் தருவார்கள். கேபின் கதவைத் திறப்பது அந்தக் கார்ட்தான். கப்பலை விட்டு இறங்கும்போதும் திரும்ப ஏறும்போதும் அதைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள்; உடனே காவலாளியின் திரையில் அந்தப் பிள்ளையின் படம் வரும். ஆபத்து நேரத்தில் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதும் பெரும்பாலும் அதிலேயே அச்சாகியிருக்கும். கடைசியாக, அதுவேதான் காசும். கப்பலுக்குள் இருக்கும் கடைகளில் பெரும்பாலும் நோட்டு வாங்க மாட்டார்கள். கார்டை நீட்டினால் கணக்கில் ஏறும், பயணம் முடியும்போது மொத்தமும் உங்கள் கிரெடிட் கார்டுக்கு வந்து சேரும். சில கம்பெனிகளில் கார்டுக்குப் பதிலாகக் கைப்பட்டியோ பதக்கம் போன்ற ஒன்றோ தருகிறார்கள், வேலை ஒன்றுதான்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. எங்கள் தோட்டத்துக் கடையில் வீட்டுக்கு ஒரு கடன் கணக்குக் கொப்பி இருந்தது. கோதுமை மா, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கொப்பியில் ஏறும், சம்பள நாளில் அப்பா போய்க் கட்டிவிட்டு வருவார். ஒரு மாதம் நானும் தங்கையும் மா வாங்கப் போகும்போதெல்லாம் டொஃபியும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டோம். சம்பள நாளன்று அப்பா அந்தக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அடுத்த நாளே கொப்பி அம்மாவின் ட்ரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து திறக்க வீட்டுக் காம்பராச் சாவி மட்டும் எங்கள் கையிலேயே இருந்தது.

கப்பலில் இந்த இரண்டையும் ஒரே கார்டுக்குள் வைத்துத் தருகிறார்கள். நீங்கள் செய்ய வேண்டிய வேலை அதைத் திரும்பப் பிரிப்பதுதான். நல்ல வேளையாக அது கஷ்டமில்லை. ரிசெப்ஷனில் போய், "இந்தப் பிள்ளையின் கார்ட் கதவைத் திறக்கட்டும், செலவு மட்டும் வேண்டாம்" என்று சொன்னால் கணினியில் மாற்றிவிடுவார்கள். அல்லது இத்தனை டாலருக்கு மேல் போகக் கூடாது என்று எல்லை போடலாம். எல்லை போடும் வசதி எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி இல்லை. சிலதில் நாளுக்கு இவ்வளவு என்று வைக்கலாம், சிலதில் மொத்தமாக ஒரு தொகை, சிலதில் திறப்பது மூடுவது மட்டும். பிள்ளைகள் கார்டில் செலவு ஆரம்பத்திலேயே திறந்திருக்குமா மூடியிருக்குமா என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே ஊகித்துக்கொண்டு போகாமல் ஏறும்போதே கேளுங்கள். கப்பல் புறப்பட்ட பிறகு அந்த மேசைக்கு முன்னால் கியூ நீளும். மதியமே, சாப்பிடப் போகும் முன், இதை முடித்துவிடுங்கள்.

நாங்கள் மகளின் கார்டில் செலவை மூடினோம். மகன் பெரியவன்தானே என்று அவனுடையதை எல்லை இல்லாமல் அப்படியே விட்டோம்.

இரண்டாம் நாள் ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு கேபின் டிவியில் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஊரில் நான் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறவள், பார்க்காமல் தூக்கம் வராது. மகன் பெயருக்கு நேரே கேம்ஸ் ஹால், 5 டாலர். திரும்ப 5. பிறகு 10. கீழே போகப் போக அதேதான், மொத்தம் 65 டாலர். எழுப்பிக் கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புது போன், அதை இரும்புக் கையால் பிடித்துத் தூக்க வேண்டும். அவனும் அக்கா மகனும் மாறி மாறி முயன்றிருக்கிறார்கள். மெஷினில் கார்டை வைத்ததும் விளையாட்டுத் தொடங்குகிறது, எவ்வளவு போனது என்று சில்லறை குறைந்து கையில் தெரிவதில்லை. போன் கண்ணாடிக்குள்ளேயேதான் இருந்தது.

அந்த நேரம் அமெரிக்க டாலர் 290 ரூபாய்க் கிட்ட. 65 டாலர் என்றால் 18,850. ரூபாயில் சொன்னாலும் அவனுக்கு அது எண்ணாகத்தான் கேட்டது. என் தங்கை இன்னும் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அந்த வருஷம்தான் நாட்சம்பளம் 1,350 ஆகியிருந்தது. ஹோட்டல் பேப்பர் போலக் கட்டிலருகே கிடந்த ஒரு தாளில் வகுத்துக் காட்டினேன். தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலையைப் பேர் என்போம். 5 டாலர் ஒரு முழுப்பேருக்கும் மேல். 65 டாலர் கிட்டத்தட்ட 14 பேர்.

"சித்தி ரெண்டு கிழமைக்கு மேல மலைக்குப் போகணுமாம்மா?"

"ஆமா மகன்."

அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தப்பு எங்களுடையது, எல்லையே போடாமல் கொடுத்தது நாங்கள்.

காலையில் அவனையும் கூட்டிக்கொண்டு ரிசெப்ஷனுக்குப் போனோம். அவன் கார்டை எங்கள் கிரெடிட் கார்டிலிருந்து பிரித்து, 30 டாலர் நோட்டாகக் கட்டி அவன் கணக்கில் போட்டோம். அது தீர்ந்தால் கார்ட் காசுக்கு வேலை செய்யாது, கதவுக்கு மட்டும் செய்யும். கேட்டால் பல கம்பெனிகளில் இப்படிச் செய்து தருவார்கள். உங்கள் 15 வயது மகனுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வேண்டாம் என்று முழுக்க மூடுவதைவிட, முடிகிற ஒரு தொகையை அவர் கையில் கொடுங்கள். தினம் ராத்திரி ஒரு ஐந்து நிமிஷம் கணக்கை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். எங்கள் மகன் கடைசி நாள் 7 டாலர் மிச்சம் வைத்திருந்தான், அதை நோட்டாகவே திருப்பித் தந்தார்கள்.

எதற்குக் காசு, எதற்கு இல்லை என்றும் சொல்லி வையுங்கள். பெரிய சாப்பாட்டு ஹால், பஃபே, அங்கே கிடைக்கும் தண்ணீர், தேத்தண்ணி, நீச்சல் தடாகம், பகலில் பிள்ளைகள் கிளப் எல்லாம் பொதுவாக டிக்கெட்டிலேயே அடங்கும். டின்னில் வரும் சோடா, கேபின் குட்டி ஃபிரிட்ஜில் இருப்பது, கேம்ஸ் ஹால், கப்பல்காரர் எடுக்கும் போட்டோ, ராத்திரி நேரம் பிள்ளை பார்ப்பது இவற்றுக்குத் தனிக் காசு. பானங்களுக்குப் பல கம்பெனிகளில் சேவைக் கட்டணமும் தானாகச் சேரும். இன்னொன்று, அவசரத்தில் "இந்தா, என் கார்டைக் கொண்டு போ" என்று உங்கள் கார்டைக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளையின் கார்டுக்குப் போட்ட எல்லை உங்கள் கார்டுக்குப் பொருந்தாது.

இனி மகள். 10 வயதுக்குக் கதவு மட்டும் போதும், செலவு வேண்டாம். கார்டில் ஒரு ஓட்டை போட்டுக் கழுத்து நாடாவில் மாட்டிவிடுங்கள். ரிசெப்ஷனில் கேட்டால் ஓட்டை போட்டுத் தருவார்கள். பாடசாலை அடையாள அட்டை நாடா ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். பல கப்பல்களில் பாதுகாப்புக்காக அறை எண்ணைக் கார்டில் அச்சடிப்பதில்லை. அதை அவள் மனப்பாடம் பண்ண வேண்டும், தாளில் எழுதி கார்டோடு வைக்கக் கூடாது.

கேபின்கள் இருக்கும் நீளமான நடைபாதையில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி. அடையாளத்துக்காக நான் எல்ல ஊரின் ஒன்பது வளைவு ரயில் பாலத்தின் படம் போட்ட ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றைக் கதவில் ஒட்டினேன். கேபின் கதவும் சுவரும் பெரும்பாலும் இரும்பு, நன்றாக ஒட்டும். மகள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்கும் ஒரு யோசனை வந்தது. தொலைந்துவிடக் கூடாது என்று ராத்திரி தன் கார்டை உள்பக்கம் இன்னொரு காந்தத்துக்கு அடியில் சொருகி வைத்தாள். அவளுடையது பின்னால் கறுப்புக் கோடு உள்ள கார்ட். காந்தம் பட்டால் அந்தக் கோட்டில் இருப்பது அழிந்துவிடலாம்.

மறுநாள் பஃபேயிலிருந்து தனியாக வந்து கார்டைப் போட்டிருக்கிறாள், சிவப்பு விளக்கு. திரும்பத் திரும்பச் சிவப்பு. அறை சுத்தம் செய்யும் அண்ணா ஒருவர் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவர் கதவைத் திறந்து கொடுக்கவில்லை, அவளை ரிசெப்ஷன் வரை கூட்டிக்கொண்டு போய், எங்களுக்கு ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறார். நான் ஓடிப் போனபோது கண்ணெல்லாம் கலங்கி, பாலம் போட்ட கதவு தன்னுடையதுதான் என்று ரிசெப்ஷனில் இருந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்துத் திறந்து கொடுக்காத அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். புதுக் கார்ட் இரண்டு நிமிஷத்தில் அடித்துத் தந்தார்கள், பழையது அப்போதே செத்துவிடும். ஆகவே கார்ட் தொலைந்தால் ஒளிக்காமல் உடனே சொல்லச் சொல்லுங்கள், திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கதவு திறக்காவிட்டால் அங்கேயே நிற்காமல் நேரே ரிசெப்ஷன் போக வேண்டும் என்பதையும் முதல் நாளே நடந்து காட்டுங்கள்.

இரண்டு கேபின் எடுக்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம். பல கம்பெனிகள் ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்கின்றன. கணவரின் அக்கா வீட்டில் அப்பா பெயர் ஒன்றில், அம்மா பெயர் மற்றதில் என்று போட்டுவிட்டு, ஏறிய பிறகு மாறிப் படுத்தார்கள். அப்படிச் செய்தால் பிள்ளைகள் கேபினுக்கு உங்களுக்கும் ஒரு சாவி கேட்டு வாங்குங்கள், எந்தக் கேபின் செலவு எந்தக் கிரெடிட் கார்டுக்குப் போகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்தில் ஊரிலிருந்தே செய்ய வேண்டியது, கார்டை வெளிநாட்டில் பாவிக்கத் திறந்து வைக்கச் சொல்லி வங்கிக்குச் சொல்வது. டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். கப்பல்காரர் முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், செலவாகாத மிச்சம் கணக்குக்குத் திரும்ப நாளாகும், அதுவரை உங்கள் காசை நீங்களே எடுக்க முடியாது.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கரைக்குக் கொஞ்சம் தள்ளிக் கடலில் நின்று சின்னப் படகில்தான் கரைக்கு அனுப்பும். படகுக்குப் போகும் முன் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்தையும் பாருங்கள். கடைசி நாளும் அப்படித்தான். பெட்டிகளை முதல் நாள் ராத்திரியே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். கார்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாமல் நாடாவிலேயே விட்டு வையுங்கள், காலையில் இறங்கும் வாசலில் கடைசித் தடவையாக ஸ்கேன் செய்ய அது வேண்டும்.