வெளிநாட்டுத் தொழிலாளர்கள் போய்விட்டால் உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி கூடுமா?

கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆள் குறைந்தால் கூலி ஏறும், கணக்கு சரிதானே? அமெரிக்காவும் அப்படித்தான் நினைத்தது. 1942 முதல் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்துகொண்டிருந்த பிராசெரோ பண்ணைத் தொழிலாளர்களை 1964 முடிவோடு நிறுத்தியது. அவர்கள் நிறைய இருந்த மாநிலங்களையும் அறவே இல்லாத மாநிலங்களையும் பின்னாளில் பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கூலி ஏறியதில் பெரிய வித்தியாசமே இல்லை.

ஏன்? பண்ணை முதலாளிக்கு வேறு வழி இருந்தது. கலிஃபோர்னியாவில் ஆலைக்குப் போகும் தக்காளியைக் கையால் பறித்த வயல்களில் இயந்திரம் இறங்கியது. செடியை அடியோடு வெட்டித் தூக்கி, உலுக்கிப் பழத்தை உதிர்க்கும். அந்த அடியைத் தாங்கும், ஒரே சமயத்தில் பழுக்கும் ரகத்தை டேவிஸ் பல்கலைக்கழகத்தில் முன்பே உருவாக்கி வைத்திருந்தார்கள். இயந்திரம் தொட முடியாத ஸ்ட்ராபெர்ரி போன்றவற்றில் விளைச்சலே குறைந்தது.

சேவைத் துறையில் இப்படி நடக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகிய பிரெக்ஸிட்டால் ஐரோப்பியத் தொழிலாளர்கள் தடையின்றி வருவது நின்றது. அதோடு கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2021-ல் அங்கே லாரி ஓட்டுநர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. அவர்களுக்குச் சம்பளம் உண்மையாகவே ஏறியது. அப்புறம் செப்டம்பரில் பெட்ரோல் பங்குகள் வறண்டன, டேங்கர் ஓட்ட ராணுவம் வந்தது. முதியோரைக் குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டு, சோறூட்டும் வேலைக்கோ கூடுதல் சம்பளம் கொடுக்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. 2022 பிப்ரவரியில் அந்த வேலைக்கு மறுபடி வெளிநாட்டவருக்கு விசா கொடுக்க வேண்டியதாயிற்று.