வாவி கடல் இல்லையாம்: நாங்கள் எங்கே முறையிடுவது?

கேள்வி: மட்டக்களப்பு வாவியில், முகத்துவாரத்துக்குக் கிட்டத் தோணித் தொழில் செய்கிறோம். கரையிலுள்ள அரிசி ஆலை ஒன்று நெல் ஊறவைத்த தண்ணீரை இரவில் குழாயால் விடுகிறது. விடிய வலை இழுக்கப் போனால் புளித்த நாற்றம். மணலை மீன் குஞ்சுகள் செத்து மிதக்கின்றன. முறையிடப் போன இடத்தில், “இது வாவி, கடல் சட்டம் இதற்கு வராது” என்றார்கள். சரியா?

பதில்: பாதிதான் சரி. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க கடல் மாசுறல் தடுப்புச் சட்டம் பெரும்பாலும் கப்பல்களைப் பற்றியது. 2020இல் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்த நியூ டயமண்ட் போன்ற எண்ணெய்க் கப்பல்கள் அதற்குள் வரும். அதற்காக வாவி நாதியற்றுப் போகவில்லை. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையே கடல் சூழலில் கழிமுகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

ஆனால் நீதவான் முன் உள்நாட்டுச் சட்டம்தான் எடுபடும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க கரையோரம் பேணல் சட்டத்தில், கடலோடு தொடர்புள்ள வாவியும் கரையோர வலயமே. முகத்துவாரத்தின் குறுக்கே இழுக்கும் நேர்கோட்டிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரை அது போகும். அதற்குள் குழாய் வழியே கழிவு கொட்டுவதையும் அனுமதி வேண்டிய வேலையாகச் சட்டம் எண்ணுகிறது. ஆகவே முதலில் அந்தக் கோட்டிலிருந்து ஆலைக் குழாய் வரையான தூரத்தை அளந்து பாருங்கள்.

தூரம் கூடினாலும் கவலை வேண்டாம். உண்மையில் உங்களுக்கு நான் நம்புவது 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தைத்தான். கழிவுநீர் விடும் ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவை. அதன் பிரதியை 2016ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

ஆலைக்காரர், “நெல்லுத் தண்ணிதானே, நஞ்சா?” என்பார். அந்தத் தண்ணீர் அழுகும்போது ஒட்சிசனைத் தின்றுவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். நஞ்சுதான் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை.

சோடாப் போத்தலில் நீங்களே பிடித்த தண்ணீர் வழக்கில் நிற்பது கஷ்டம். அதிகார சபையின் அதிகாரிகளை வரவழைத்து மாதிரி எடுக்கச் செய்யுங்கள், குழாய் ஓடும் நேரத்தில். முறைப்பாட்டை அந்தச் சபைக்கு மீனவர் சங்கத்தின் பெயரில் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவில் பொதுத்தொல்லையென நீதவானிடம் போகலாம். குழாயை நிறுத்த அங்கே கட்டளை பெறலாம். இழந்த பிடிக்கு நட்டஈடு வேண்டுமென்றால் அது மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு. தினமும் பிடித்த மீனின் கணக்குக் கொப்பியை இன்றே தொடங்குங்கள்.