கூரைக்கு ஒரு உறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு வருடமாக உங்களை வாசிக்கிறேன். இலக்கியம் அல்லாத கேள்வி, மன்னிக்கவும். வேலையை விட்டபோது ஒரு தொகை மொத்தமாகக் கைக்கு வந்தது. எண்ணெய்க் கிணறுகளில் பங்கு வாங்கச் சொல்கிறார் நண்பர். அவர் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் ஒரே வருடத்தில் வருமானமாக வந்துவிட்டதாம். எண்ணெய் தீர்ந்துகொண்டே வருகிற பொருள், அதனால் விலை ஏறித்தானே ஆகவேண்டும்? மைத்துனரோ நிலம்தான் பாதுகாப்பு, நிலத்தை யாரும் புதிதாக உண்டாக்க முடியாது என்கிறார். எனக்குச் சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை. எரிவாயுவுக்குத்தான் எதிர்காலம் என்று ஒரு காணொளியிலும் பார்த்தேன். உங்கள் கருத்து என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்,

எழுத்தாளனிடம் பணத்தைப் பற்றிக் கேட்க மன்னிப்பு எதற்கு? கையில் இல்லாத காரணத்தால் எங்களைவிட அதிகமாக அதைப் பற்றி யோசிக்கிறவர்கள் கிடையாது.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. ‘வருமானமாக’. போன வாரம் பழைய பெட்டி ஒன்றை ஒழிக்கும்போது என் மாமாவின் உறை ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து அந்தச் சொல்லைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன் சில்லறைகளைத் தள்ளிவிடுவோம்.

எரிவாயு: காணொளி பார்த்துப் பணம் போடாதீர்கள், அவ்வளவுதான். எண்ணெயைப் போல அதை அப்படியே கப்பலில் நிரப்பிக்கொண்டு போக முடியாது. குழாய் வேண்டும், இல்லையென்றால் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்க வேண்டும். குழாயில் இடமில்லாமல் மேற்கு டெக்சாஸில் விற்பவரே காசு கொடுத்து வாயுவைத் தள்ளிவிட்ட நாட்கள் உண்டு. தொழில்: தாராளமாகத் தொடங்குங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

தீர்ந்துபோகிற பொருள் விலை ஏறும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. 1980இல் உலகின் நிரூபிக்கப்பட்ட எண்ணெய் இருப்பு ஏறக்குறைய 68,000 கோடி பீப்பாய். நாற்பது வருடம் உலகமே எரித்துத் தள்ளிய பிறகு, 2020இல் அது 1,70,000 கோடிக்கு மேல். இருப்பு என்றால் பூமிக்குள் கிடக்கும் மொத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். இன்றைய விலைக்கும் இன்றைய கருவிக்கும் எடுத்துக் கட்டுப்படியாகிற அளவுக்குத்தான் அந்தப் பெயர். விலை ஏறினால் இருப்பும் சேர்ந்து ஏறும். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. எண்ணெய் தீரப்போகிறது என்று அப்போதும் எல்லோரும் பேசினார்கள். டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே வந்து நின்றது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு, நானும் சூடு வாங்கியவன். 2020 மார்ச் கடைசியில் உலகம் முடங்கிக் கிடந்தபோது, ‘எண்ணெய் இதைவிட மலிவாகக் கிடைக்காது’ என்று ஒரு எண்ணெய் நிதியில் பணம் போட்டேன். ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்தம், அதாவது மே மாதம் எண்ணெயைக் கொடுப்பதாக முன்கூட்டியே விலை பேசிக்கொள்ளும் காகிதம், பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஒரு ஒப்பந்தம் 1,000 பீப்பாய், அதாவது சுமார் 1,59,000 லிட்டர். காகிதத்தில் வாங்கியவர்கள் கெடு முடிந்தால் ஒக்லஹோமாவின் குஷிங்கில் எண்ணெயாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே தொட்டியில் இடமில்லை, அதனால் கையில் வைத்திருந்தவர்களே காசு கொடுத்து ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டார்கள். சரி, அந்த வருடக் கடைசிக்குள் எண்ணெய் நான் வாங்கிய நாளின் விலையைப் போல இரண்டு மடங்காகிவிட்டது. என் பணம்? போட்டதைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த நிதி ஒவ்வொரு மாதமும் முடியப்போகிற ஒப்பந்தத்தை மலிவாக விற்று அடுத்த மாதத்தினதை விலை கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் விலையைச் சரியாகக் கணித்தேன், ஒரு காசு பார்க்கவில்லை. வீட்டில் இதை இன்றுவரை சொல்லவில்லை. இனித் தெரிந்துவிடும்.

உங்கள் மைத்துனருக்கு ஒரு ஊரின் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டிரேக் என்பவர் 1859இல் எண்ணெய்க் கிணறு தோண்டிய டைட்டஸ்வில்லுக்குப் பக்கத்தில், பிட்ஹோல் என்று ஒரு இடம். 1865 ஜனவரியில் அங்கே எண்ணெய் பீறிட்டது. செப்டம்பரில் சுமார் 15,000 பேர், தெருத்தெருவாக விடுதிகள். அந்த வருடம் ஒரு துண்டு நிலம் 20 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அப்புறம் கிணறுகள் வற்றின, தீப்பிடித்தது, ஆட்கள் அடுத்த ஊற்றைத் தேடிப் போனார்கள். 1878இல் அதே துண்டு ஏலத்துக்கு வந்தது. போன விலை 4 டாலர் 37 சென்ட். இன்று அங்கே புல்வெளிதான். தெருக்கள் இருந்த இடத்தில் மட்டும் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கிறார்களாம், இதுதான் கடைத்தெரு என்று காட்டுவதற்கு. நிலத்தை யாரும் புதிதாக உண்டாக்க முடியாது, உண்மை. 1878இலும் அந்த நிலம் அங்கேயேதான் இருந்தது, ஒரு அடிகூடக் குறையவில்லை.

இனி மாமா. அவருக்குத் தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு இருந்தது, வாடகைக்கு விட்டிருந்தார். வாடகை வந்த அன்றே மேசையில் இரண்டு பழுப்பு உறைகளை வைப்பார். ஒன்றில் ‘எனக்கு’ என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் ‘கூரைக்கு’. நான்கு பங்கில் ஒரு பங்கு கூரைக்கு. நான் அப்போது கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். நாலு வார்த்தை தெரிந்த திமிர். “கூரை நன்றாகத்தானே இருக்கிறது மாமா, இந்தப் பணம் ஏன் சும்மா கிடக்க வேண்டும்?” என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இது வருமானம் இல்லடா. கூரை. கொஞ்சம் கொஞ்சமா என் கைக்கு வந்துகிட்டிருக்கு.”

பதினோரு வருடம் கழித்து ஒரு காற்றில் பாதித் தகடுகள் பிய்த்துக்கொண்டு போயின. உறைகளைக் கொட்டி எண்ணினார். கொஞ்சம் குறைந்தது. அதற்கே வெட்கப்பட்டு, யாரிடமும் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

இப்போது உங்கள் நண்பரின் கிணற்றைப் பாருங்கள், எஸ். பாறையைப் பிளந்து எடுக்கும் கிணறுகளில் முதல் வருடம் முடிவதற்குள் உற்பத்தி பாதிக்கும் கீழே போவது சாதாரணம். ஒரு பேச்சுக்கு, நூறு போட்டீர்கள். முதல் வருடம் 55 வருகிறது. நண்பர் துள்ளுகிறார். இரண்டாம் வருடம் 22. மூன்றாம் வருடம் 12, அப்புறம் 8. கூட்டிப் பாருங்கள், 97. நான்கு வருடம் ஒவ்வொரு மாதமும் பணம் வந்தது, ஒவ்வொரு மாதமும் வீட்டில் சந்தோஷம், கடைசியில் மூன்று குறைகிறது. அந்த 55இல் வருமானம் என்று சொல்ல ஒரு காசு கிடையாது. உங்கள் பணத்தையே தவணை முறையில் உங்களுக்குத் திருப்பித் தருகிறார்கள், நீங்கள் நன்றி சொல்கிறீர்கள்! கிடங்குக்காவது கூரையை மாற்றினால் இன்னும் இருபது வருடம் ஓடும். வற்றுகிற கிணற்றுக்கு எந்த உறையில் எவ்வளவு போட்டாலும் அதே எண்ணெய் திரும்ப ஊறாது. ஆகவே அங்கே ‘கூரைக்கு’ என்கிற உறை மாமாவினதைவிடப் பல மடங்கு தடியாக இருக்கவேண்டும். உங்கள் நண்பரிடம் அப்படி ஒரு உறையே இல்லை. முதல் வருடப் பணத்தில் அவர் காரை மாற்றியிருப்பார். மாற்றினாரா இல்லையா, கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. நிலத்துக்காரருக்குப் போகும் ராயல்டி என்றால் விற்றதில் ஒரு பங்கு, தோண்டும் செலவு அவர் தலையில் விழாது. உங்களிடம் விற்கப் பார்ப்பது அநேகமாகச் செலவிலும் பங்கு கேட்கும் வகை. பம்பு பழுதானால் உங்கள் பங்கு. உப்புத் தண்ணீரை அகற்ற உங்கள் பங்கு. எல்லாம் முடிந்து கிணற்றைச் சிமெண்ட் போட்டு அடைக்க வேண்டுமே, அதிலும் உங்கள் பங்கு. இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். நீங்கள் முதல் பக்கத்தில் உள்ள மாதத் தொகையைப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நாற்பது பக்க ஒப்பந்தத்தை ஒரு மாலை உட்கார்ந்து படிக்கச் சோம்பல், அதற்கு ஆறு வருட வாசகர் என்று ஒரு சலுகை வேறு!

கோபித்துக்கொள்ளாதீர்கள். மாமா இருந்திருந்தால் உங்களை இதைவிட மோசமாகத் திட்டியிருப்பார், பிறகு உட்காரவைத்து உறை போடவும் சொல்லிக்கொடுத்திருப்பார்.

நீங்கள் கேட்டது எண்ணெயா, நிலமா, தொழிலா என்று, இல்லையா? நண்பரிடம் மூன்று வருடம் ஓடிய கிணறு ஒன்றின் ரசீதுகளைக் கேளுங்கள், முதல் மாதத்திலிருந்து முப்பத்தாறாம் மாதம் வரை. கொடுத்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். எனக்கு இதுவரை பன்னிரண்டாம் மாதத்துக்கு மேல் யாரும் காட்டியதில்லை.