ஞாயிற்றுக்கிழமை கற்ற கோர்வை செவ்வாயன்று எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு 47 வயது, வங்கியில் வேலை. இரண்டு வருடமாக மிருதங்கம் கற்கிறேன். வார நாட்களில் நேரம் கிடைக்காததால் ஞாயிறு காலை நான்கு மணி நேரம் விடாமல் சாதகம் செய்கிறேன். சாதகம் முடித்து எழுந்திருக்கும்போது கோர்வை (தாளக் கணக்கோடு முடியும் சொல் வரிசை) கச்சிதமாகக் கையில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை வகுப்பில் உட்கார்ந்தால் பாதியைக் காணோம். இன்னொரு சிக்கல்: சொற்கள் (தகதிமி போன்ற மிருதங்க ஒலிகள்) சுத்தமாக விழுந்தாலும், மூன்று தடவை வாசிக்க வேண்டிய கோர்வையில் இது இரண்டாவதா மூன்றாவதா என்று குழம்பி, சமத்தை, அதாவது தாளச் சுற்றின் முதல் அடியை, தவறவிடுகிறேன். வயதுக் கோளாறா? நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்: பழகிய வழி மறப்பது, ஒரே கேள்வியை ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கேட்பது, வேலையில் கணக்குப் பிசகுவது என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. உங்கள் மூளை நன்றாகவே இருக்கிறது, அட்டவணைதான் சரியில்லை.

மூளையில் ஒரே கடிகாரம் ஓடுவதில்லை. ஒரு நியூரானின் (நரம்பணுவின்) மின் துடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லி நொடியில் முடிந்துவிடும். அதற்கு வந்து சேரும் சைகையின் சுவடு பத்து, இருபது மில்லி நொடி தங்கும். நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸில், சைகையை வாங்கும் சில ஏற்பிகள் சில மில்லி நொடிகளில் மூடிக்கொள்ளும், வேறு சில நூறு மில்லி நொடிகூடத் திறந்திருக்கும். அந்த இணைப்பின் வலு கூடுவதோ குறைவதோ நிமிடங்களுக்கும் மணிகளுக்கும் நீடிக்கும். அதை நிலையாக்கப் புதிய புரதம் தயாராக வேண்டும், அதற்கு மணிக்கணக்காகும். உங்கள் இரண்டு சிக்கல்களும் வெவ்வேறு கடிகாரங்களைச் சேர்ந்தவை. அதனால் ஒரே மருந்து இரண்டுக்கும் கேட்காது.

கணக்கு தப்புவதை முதலில் பார்ப்போம். அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஒரு நொடி என்று வைத்தால், அதில் எட்டு சொல் விழும் வேகமான மேல்காலத்தில் ஒரு சொல்லுக்கு 125 மில்லி நொடிதான். ஒரு சொல்லைக் காதால் கேட்டு, தவறா என்று பார்த்து, அடுத்ததைத் திருத்த அது போதாது. கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1951-லேயே இசைக்கலைஞரின் விரல்களைக் காட்டி இதை வாதிட்டார்: ஒவ்வொரு அசைவும் முந்தையதைக் கேட்டுப் பிறக்க நேரமே இல்லை, வரிசை முழுவதும் முன்கூட்டியே மூளையில் தயாராக இருக்க வேண்டும். மெதுவான முதல் காலத்தில் வாசிக்கச் சொல்லி ஆசிரியர் படுத்துகிறாரே, காரணம் இதுதான். அங்கே காது கையைத் திருத்த முடியும். மேல்காலத்தில் ஏற்கெனவே திருத்தியது ஓடும், அவ்வளவுதான்.

சொற்கள் சுத்தமாக விழுகின்றன என்கிறீர்கள், ஆக அந்த வேகக் கடிகாரம் உங்களுக்குப் பழகிவிட்டது. தப்புவது நீண்ட கடிகாரம். எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாள ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஒன்றே எட்டு நொடி. கோர்வையை மூன்று முறை வாசித்து முடிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகலாம். மூளை ஆய்வாளர் ஊரி ஹேசனின் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்கேனரில் படுத்திருப்பவர்களுக்கு மௌனப் படங்களைக் காட்டினார்கள். முழுதாகவும் காட்டினார்கள், ஏறத்தாழ 4, 12, 36 நொடித் துண்டுகளாக வெட்டி வரிசையைக் கலைத்தும் காட்டினார்கள். கண்ணிலிருந்து வரும் செய்தியை முதலில் வாங்கும் பகுதிகள் கலைத்ததைப் பொருட்படுத்தவே இல்லை. நெற்றிப்பொட்டுக்குப் பின்பக்கம், உச்சி, நெற்றிப் பக்கம் என்று மேலே போகப் போக, நீண்ட துண்டு கிடைத்தால்தான் நிலையான மறுமொழி வந்தது. அதாவது மூளையின் ஒரு பகுதி சொல்லைக் கேட்கும்போது, இன்னொன்று பல்லவி முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதை உங்களுக்குப் பொருத்துவது என் அனுமானம், ஆனால் தைரியமாகவே சொல்கிறேன். நான்கு மணி நேரத்தில் பெரும்பகுதி தப்பிய இடத்தில் நின்று, அந்த ஒரு துண்டையே அடித்துத் திருத்துவதில் போயிருக்கும். எல்லோரும் செய்வதுதான். அதில் பழகுவது சின்னக் கடிகாரங்கள் மட்டும். முழுக் கோர்வையின் வடிவம் பெரிய கடிகாரத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. ஆகவே தினமும் ஐந்து நிமிடமாவது வாத்தியத்தைத் தொடாமல், கையில் தாளம் போட்டு, சொற்கட்டை வாயால் சொல்லி, எடுப்பிலிருந்து (தொடங்கும் இடத்திலிருந்து) சமம் வரை நிறுத்தாமல் போங்கள். நடுவில் தப்பினாலும் நிற்காதீர்கள். மூன்று தடவைக்கும் குரலில் சின்ன வித்தியாசம் வையுங்கள்: முதல் தடவை மெல்ல, கடைசித் தடவை ஓங்கி. மூன்றும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தால் எது எத்தனையாவது என்று யாருக்கும்தான் குழம்பும். அப்புறம், அந்த ஐந்து நிமிடம் போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். ஞாயிறு மதியம் கோர்வை கையில் நின்றதே, அதை நம்பியதுதான் தவறு. அந்தச் சரளத்தில் பெரும்பங்கு சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்தில் கரைந்துபோகும் சூடு. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-ல் வெளியிட்ட சோதனைகளில் அர்த்தமில்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துக்கொண்டார் (நம் சொற்கட்டு தெரிந்திருந்தால் அவர் வேலை எவ்வளவு சுவையாக இருந்திருக்கும்!). மூன்று நாட்களுக்குப் பிரித்துச் சொன்ன 38 தடவைகள், முந்தைய ஒரே நாளில் சொன்ன 68 தடவைகளுக்குச் சமமாக நின்றன.

இதன் காரணம் சினாப்ஸ் மட்டத்திலும் ஓரளவு தெரியவந்திருக்கிறது. எலி மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியின் துண்டுகளை வைத்து, மூளை ஆய்வாளர் கேரி லிஞ்சின் குழு 2012-ல் ஒன்றைக் காட்டியது. ஒரு முறை தூண்டிவிட்டு 10 அல்லது 30 நிமிடத்தில் மறுபடி தூண்டினால் கூடுதல் பலன் இல்லை. ஒரு மணி நேரம் விட்டுத் தூண்டினால் இணைப்பின் வலு நன்றாகக் கூடியது. முதல் முறை எட்டாத சினாப்ஸ்கள், இடைவெளிக்குப் பிறகுதான் பிடி கொடுத்தன. எலித் துண்டு வேறு, உங்கள் இடது கை வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எபிங்ஹவுஸ் சொன்னதும் இதுவும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. நான்கு மணி நேரத்தின் கடைசி இரண்டு மணி பெரும்பாலும் வீண்.

ஞாயிறு காலை ஐம்பது நிமிடம், மாலை நாற்பது நிமிடம், அது போதும். மீதி இரண்டரை மணி நேரத்தை ஐந்து வார நாட்களுக்குத் தலா முப்பது நிமிடமாகப் பிரியுங்கள். அக்கம்பக்கத்துக்காரர் முறைத்தால் தொடையில் தட்டலாம், பஸ்ஸில் வாய்க்குள் சொல்லலாம். புதுக் கோர்வை எடுத்த அன்று, அது முடிந்த கையோடு அதைப் போலவே இருக்கும் இன்னொன்றைத் தொடாதீர்கள். ரோபோக் கையைப் பிடித்து நகர்த்தப் பழகிய மனிதர்களிடம் 1996-ல் நடந்த சோதனையில், உடனே கற்ற இரண்டாவது பாடம் முதல் பாடத்தைக் கலைத்தது. நான்கு மணி நேரம் கழித்துக் கற்றபோது கலைக்கவில்லை. தூக்கத்தையும் வெட்டாதீர்கள்.

முன்னேற்றத்தை ஞாயிறு மதியம் அளக்க வேண்டாம். திங்கள் மாலை கை சூடாகும் முன், முதல் தடவையிலேயே எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். அதைப் போனில் பதிந்து, தேதி போட்டு வையுங்கள். முதல் இரண்டு வாரம் கேட்கவே கடுப்பாக இருக்கும். ஆறாவது வாரப் பதிவை ஆசிரியரிடம் கொடுத்து, எந்த இடம் இன்னும் தளர்கிறது என்று அவர் காதால் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.